தப்ரீஸ் கழகம் பற்றிய கலியாண விசாரிப்பு

குருநகர்,
08.01.2025

பெருமதிப்பிற்குரிய திரு. யாஷார் அவர்களுக்கு,

குருநகரிலிருந்து அடைக்கலநாதன் ஸ்ரெல்லா எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். எங்கள் ஒரே மகள் லவீனா, தங்களை மணமுடிக்கப் போவதாக நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் நோர்வேயிலிருந்து தொலைபேசியில் அறிவித்தாள். அறிவித்தாள் என்றுதான் எழுத வேண்டும், கேட்கவில்லை.

நான் எட்டாம் வகுப்பு வரையே பள்ளி சென்றவள். மிகுதியை நூலகத்திலும் அகராதியிலும் கற்றேன். ஆதலால் இக்கடிதத்தில் பிழை ஏதும் தோன்றினால் அது மொழிபெயர்க்கும் என் மகளுடையது என்று கொள்க.

எங்கள் ஊரில் பெண் கொடுக்குமுன் விசாரிப்பு என்றொரு முறை உண்டு. மாப்பிள்ளையின் ஊருக்கு ஒருவர் போய், சந்தையிலும் கோயிலடியிலும் தேநீர்க் கடையிலும் இருந்து அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டு வருவார். என் கணவருக்காக என் தாய்மாமன் சிமியோன் பாசையூரில் நான்கு நாட்கள் தேநீர் குடித்தார். "குடிவெறி இல்லை, ஆனால் பந்தைக் கண்டால் சோற்றை மறக்கிற ஆள்" என்பது அவருடைய அறிக்கை. இரண்டும் இன்றுவரை உண்மை.

தாங்கள் பிறந்த ஊராகிய தப்ரீஸுக்கு அனுப்ப எங்களிடம் ஆள் இல்லை. இதை எண்ணி நான் வருந்தியிருக்கையில், தங்கள் அறைச் சுவரில் சிவப்புக் கொடியொன்று தொங்குவதைத் தொலைபேசிப் படத்தில் என் கணவர் கண்டுபிடித்தார். ட்ராக்ரர் கழகத்தின் கொடி என்று லவீனா சொன்னாளாம். அவர் தம் கோயில் பங்கின் உதைபந்தாட்டக் கழகத்தில் பதினான்கு ஆண்டுகள் கோல் காப்பாளராக நின்றவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"ஆளைத் தெரியாட்டி என்ன? அவன் எந்தக் கழகத்துக்குக் கத்திறான் எண்டு தெரியும்தானே. அதை விசாரி."

ஆகவே நூலகத்துக் கணினியில் ஐந்து பிற்பகல்கள் செலவிட்டுத் தங்கள் கழகத்தை விசாரித்தேன். உழவு இயந்திரத் தொழிற்சாலையோடு சேர்ந்து 1970இல் பிறந்த கழகம் என்று அறிந்தேன். தொழிலாளரின் கழகம், மகிழ்ச்சி. ஆயினும் 2002இல் இரண்டாம் பிரிவுக்கு வீழ்ந்து ஏழு பருவங்கள் அங்கேயே கிடந்தது ஏன்? ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் தங்கள் நாட்டின் லீக் சம்பியனாகாதது ஏன்? கழகம் கீழே கிடந்த ஏழு பருவங்களும் தாங்கள் எங்கே இருந்தீர்கள்?

சமய வேறுபாடு குறித்துப் பங்குத்தந்தையிடம் பேசினோம். ஆயரின் அனுமதிக்கு வழியுண்டு என்றார். அது அவருடைய வேலை. விசாரிப்பு என்னுடைய வேலை. அது முடியாமல் என் சம்மதம் இல்லை. மறுமொழி எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் மழையையும் மீன் விலையையும் மட்டுமே பேசுவேன்.

இங்ஙனம்,
அ. ஸ்ரெல்லா


பேர்கன், நோர்வே,
02.02.2025

மரியாதைக்குரிய ஸ்ரெல்லா அம்மையாருக்கு,

(அம்மா, அவர் சொன்னது "ஸ்ரெல்லா அம்மா" எண்டுதான். நீங்கள் கோவிப்பியள் எண்டு நான்தான் உயர்த்தினனான். - லவீனா)

உங்கள் கடிதத்தை லவீனா எனக்கு நோர்வீஜிய மொழியில் மூன்று முறை வாசித்துக் காட்டினாள். இப்படி ஒரு கடிதம் எனக்கு எவரும் எழுதியதில்லை. கப்பல் பட்டறையில் என்னோடு வேலை செய்பவர்களுக்கும் சொன்னேன். அவர்களும் உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்.

என் தந்தை உழவு இயந்திரத் தொழிற்சாலையின் வார்ப்புச்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் இரும்பு உருக்கியவர். கழகம் விழுந்தபோது எனக்கு எட்டு வயது. ஏன் விழுந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் எங்களைவிட நன்றாக விளையாடினார்கள். வேறு காரணம் சொல்பவர்களை என் தந்தை வீட்டுக்குள் விடுவதில்லை.

அந்த ஏழு பருவங்களும் நாங்கள் மைதானத்தில் இருந்தோம். பனியில் என் காதுகள் மரத்துப்போகும். தந்தை தன் தொப்பியை என் தலையில் போட்டுவிட்டு, கீழ்ப் பிரிவில் ஒரு வசதி உண்டு, கால் நீட்டி உட்காரலாம் என்பார். 2009இல் மேலே ஏறினோம். அதன்பின் கால் நீட்ட இடம் கிடைக்கவில்லை. 2014இல் நாட்டின் கிண்ணத்தை வென்றோம். 2020இல் மறுபடியும் வென்றோம். லீக் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. ஒருநாள் வரும்.

உங்கள் கணவருக்கு என் வணக்கம். அவர் எத்தனை பெனால்ரிகளைத் தடுத்திருக்கிறார்?

யாஷார்

(அப்பாவிட்டைக் கேக்க வேண்டாம் எண்டு சொல்லிப் பார்த்தனான். அவர் இனி விடியும் வரைக்கும் கதைப்பார். - லவீனா)


குருநகர்,
26.02.2025

மதிப்பிற்குரிய யாஷாருக்கு,

மடல் கிடைத்தது. பெனால்ரிகள் பதினேழு என்கிறார் என் கணவர். ஒன்பது என்பது ஊர்க் கணக்கு.

தங்கள் தந்தையாரை எனக்குப் பிடித்துவிட்டது. தோற்றதற்குக் காரணம் கேளாத மனிதரை நான் இந்த ஊரில் இருவரைத்தான் கண்டிருக்கிறேன். இருவரும் இறந்துவிட்டனர்.

ஆனால் தங்கள் கடிதத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. 2014இல் நின்று 2020க்குத் தாவியிருக்கிறீர்கள். நடுவே 2015 மே மாதத்தில் ஒரு நாள் உண்டு. நூலகத்துக் கணினி அதைப் பற்றி நிறையவே சொல்கிறது. விசாரிக்கப் போகிறவர், வீட்டார் திறந்து காட்டும் அறையைப் பார்ப்பதில்லை; சாத்தி வைத்திருக்கும் அறையைத்தான் பார்ப்பார்.

நீதிக்காக எங்கள் அறையையும் திறக்கிறேன். எங்கள் திருமணத்துக்கு முந்திய ஆண்டில் ஓர் இறுதி ஆட்டம். பந்தைப் பிடித்துவிட்ட அடைக்கலநாதன், கோட்டருகே நான் நிற்பதைக் கண்டு கையசைத்தார். பந்து இருந்த கையால் அசைத்தார். அது அவருடைய கோலுக்குள்ளேயே போயிற்று. ஒன்றுக்குப் பூச்சியம். அன்று மாலை ஊர் முழுவதும் அவரைத் தேட, அவரோ எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்று என் தகப்பனாரிடம் சொன்னார்:

"காத்தில்லை ஐயா. கால் சறுக்கவுமில்லை. உங்கடை மகளைப் பார்த்தனான்."

சிமியோன் மாமாவின் நான்கு நாள் விசாரிப்பு அதற்குப் பிறகு வெறும் சம்பிரதாயமே. தகப்பனார் அன்றே முடிவு செய்துவிட்டார்.

ஆகவே அந்த நாளைப் பற்றி எழுதுங்கள். எழுதாவிடில் விசாரிப்பு இத்துடன் நிற்கும். என் சம்மதமும் நிற்கும்.

இங்ஙனம்,
அ. ஸ்ரெல்லா


பேர்கன்,
20.03.2025

மரியாதைக்குரிய ஸ்ரெல்லா அம்மையாருக்கு,

இன்று எங்கள் புத்தாண்டு. பொய் சொல்லத் தகாத நாள் என்பதால் இன்று எழுதுகிறேன்.

அன்று பருவத்தின் கடைசி ஆட்டம். எனக்கு இருபத்தொரு வயது. தந்தைக்கு முதுகு வலி. வீட்டில் தொலைக்காட்சியோடு இருந்தார். நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று முன்னின்று, பிறகு மூன்றுக்கு மூன்று ஆனோம். பட்டத்துக்கு எங்களோடு போட்டியிட்ட இஸ்பஹான்காரரின் ஆட்டமும் சமநிலை என்றால் நாங்கள்தான் சம்பியன். சமநிலை என்று ஒரு செய்தி மைதானத்தில் பரவியது. கைத்தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. நாங்கள் நம்பினோம். பல்லாயிரம் பேர் புல்தரைக்குள் பாய்ந்தோம். நான் தெரியாத ஒரு முதியவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின் ஒரு பிடி புல்லை வேரோடு பெயர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன், தந்தைக்குக் கொடுக்க.

செய்தி பொய். இஸ்பஹான்காரர் வென்றுவிட்டார்கள். மைதானத்தில் இருந்தவர்களுக்குச் சில நிமிடங்களில் அது தெரிந்துவிட்டது. நான் அதற்குள் வெளியே ஓடிவிட்டேன். வழியெல்லாம் பாடினேன். தெருவில் மக்கள் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லையாக்கும் என்று எண்ணினேன்.

கதவைத் திறந்த தந்தைக்கு எல்லாம் தெரியும். நான் புல்லை நீட்டினேன். அவர் அதை வாங்கி, தயிர்ச் சட்டியில் மண் இட்டு ஊன்றி, தண்ணீர் விட்டார். நான் சுற்றிச் சுற்றிப் பாடினேன். பாட்டு முடியும்வரை அவர் தாளம் போட்டார். பிறகு தேநீர் ஊற்றி, என்னை உட்காரவைத்து, "இப்போது செய்தி பார்ப்போமா" என்றார்.

இதை ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். அன்றுமுதல் எங்கள் தெருவில் நான் எதையாவது "நிச்சயம்" என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். உங்களிடம் ஒரு நிச்சயமான மனிதனாக வர விரும்பினேன்.

யாஷார்

(அம்மா, மூண்டு வரியமாய் ஒண்டாய்த் திரியிறம். இந்தக் கதையை எனக்கும் இண்டைக்குத்தான் சொன்னவர். இதிலை ஒரு சொல்லும் நான் உயர்த்தேல்லை. - லவீனா)


பேர்கன்,
16.05.2025

அன்பிற்குரிய ஸ்ரெல்லா அம்மா,

(இந்த முறை உயர்த்த எனக்கு மனமில்லை. - லவீனா)

எட்டு வாரங்களாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தொலைபேசியில் மழையும் பாரை மீனும் மட்டுமே. நான் எழுதியதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டீர்கள் என்று எண்ணினேன்.

ஆனால் நூலகத்துக் கணினி உங்களுக்குச் சொல்லியிருக்கும்: நாங்கள் சம்பியன்! ஐம்பத்தைந்து ஆண்டுகளில் முதல் தடவை. இம்முறை மூன்று வேறு இடங்களில் சரிபார்த்த பிறகே பாடினேன். தந்தை தொலைபேசியில் அழுதார். பிறகு, முதுகு வலி போய்விட்டது என்றார். பட்டறையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன்.

இப்போது எங்கள் கழகத்தில் குறை இல்லை. உங்கள் பழைய கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. இனியாவது சம்மதம் தருவீர்களா?

யாஷார்

(அம்மா, அவர் நல்ல மாதிரிக் கேக்கிறார். நான் அப்பிடிக் கேக்க மாட்டன். ஆடி பன்னிரண்டுக்கு நகரசபையிலை நாள் எடுத்தாச்சு. கோயில் கலியாணம் அங்கை வந்து செய்யத்தான் ஆசை. ஆனால் ஒரு கிண்ணம் வெண்டாத்தான் அவர் உங்கடை மருமகன் எண்டால், அந்தக் கிண்ணம் எனக்கு வேண்டாம். எட்டுக் கிழமை அந்த மனிசன் தபால்பெட்டியடியிலை நிண்டதை நான் பார்த்தனான். - லவீனா)


குருநகர்,
04.06.2025

அன்பு யாஷாருக்கும், கோபத்திலிருக்கும் என் மொழிபெயர்ப்பாளருக்கும்,

தங்கள் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முந்திய நாள் வேறொரு கடிதமும் வந்தது. அது நான் எழுதியது.

நடந்ததைச் சொல்கிறேன். இதுவரை உறைகளில் ஆங்கிலத்தில் முகவரி எழுதியவர் என் கணவர். சம்மதக் கடிதம் அப்படிப் போகக் கூடாது, முதலெழுத்திலிருந்து கடைசிவரை என் கையாலேயே, அதுவும் செந்தமிழில் போக வேண்டும் என்று நினைத்தேன். "நோர்வே இராச்சியம், பேர்கன் மாநகர்" என்று தொடங்கித் தெருப்பெயர் வரை தமிழில் எழுதி, ஒரு சொல்லேனும் ஆங்கிலம் கலவாமல், அவருக்குக் காட்டாமலே அஞ்சலிட்டேன். அது கொழும்புவரை போய், அங்கே ஓய்வெடுத்து, அனுப்பியவருக்கே திரும்பியிருக்கிறது. குற்றம் முழுவதும் என்னுடையதே. என் கணவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நோர்வேக்காரன் தமிழ் படிக்குமட்டும் எங்கடை பொடிச்சி பொறுப்பாளே?" என்றார். இரண்டு நாளாக இதையே மீன் வாங்குமிடத்திலும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சிரிப்பதென்றால் சிரியுங்கள். ஒன்றை மட்டும் நான் பொறுக்கமாட்டேன். கிண்ணத்தைக் கண்டு பெண் கொடுத்தவள் என்று என்னைப் பற்றி எவரும், முக்கியமாக என் மகள், நினைக்கலாகாது. ஆகவே திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் இதனுள் வைத்து, என் கணவர் ஆங்கிலத்தில் எழுதிய உறையில் அனுப்புகிறேன். அஞ்சல் முத்திரையின் திகதியை முதலில் பாருங்கள். லவீனா உரத்து வாசிக்கட்டும். அதன் பின்னர் உறையைப் பிரியுங்கள்.

இங்ஙனம்,
அ. ஸ்ரெல்லா


[உள்ளே, பிரிக்கப்படாத உறையில்]

குருநகர்,
பெரிய வாரச் செவ்வாய், 15.04.2025

அன்பு மருமகன் யாஷாருக்கு,

விசாரிப்பு இன்றோடு நிறைவுற்றது. அறிக்கை பின்வருமாறு.

தங்கள் கழகம் இப்பருவத்தில் முன்னணியில் நிற்பதாகக் கணினி சொல்கிறது. வெல்லலாம், முன்போலக் கைநழுவியும் போகலாம். அதற்காக நான் காத்திருக்கவில்லை. நான் தேடியது வேறு. தோற்ற நாளில் அந்த வீட்டார் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதையே எங்கள் ஊர் விசாரிப்பு அறிய முயல்கிறது. நான்கு நாள் தேநீர் குடித்தாலும் பெரும்பாலும் அது தெரிவதில்லை. தாங்கள் அதை மூன்று பக்கத்தில் எழுதித் தந்துவிட்டீர்கள்.

உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, மகன் பாடி முடியும்வரை தாளம் போட்ட ஒரு தகப்பனின் வீட்டுக்கு என் மகள் போகிறாள். அவள் சிறு வயது முதலே அவசரப்பட்டு மகிழ்கிறவள், அவசரப்பட்டு அழுகிறவள். அவளை இடையில் நிறுத்தாத வீடு வேண்டும் என்று நான் எவரிடமும் சொல்லாமல் வேண்டியிருந்தேன்.

நிச்சயமான மனிதனாக வர விரும்பினேன் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் மகனே. அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு நிச்சயம்.

தங்கள் தந்தையாருக்கும் தாயாருக்கும் எங்கள் இருவரின் வணக்கத்தைச் சொல்லுங்கள். லவீனாவிடம் சொல்லுங்கள்: அவளும் கேட்கவில்லை, நானும் இழுத்தடித்தேன், கணக்குச் சரி. இனித் தொலைபேசியில் எதையும் பேசலாம்.

மாமியார்,
ஸ்ரெல்லா