கீழ்வீட்டுக் கடல்

அக்டோபர் 6, 2024 – ஞாயிறு

காரத்தன்மை 7.8. கால்சியம் 410. உப்பு 35. எல்லாம் இருக்க வேண்டிய அளவில்தான் இருக்கிறது. ஆனாலும் மாடியில் என் கடல்நீர்த் தொட்டியில் தோல் பவளம் நான்காவது நாளாகச் சுருண்டு கிடக்கிறது, வாடிய காளான் மாதிரி.

கீழ்வீட்டில் ஜூலியட்டின் தொட்டியில் எல்லாம் விரிந்திருக்கின்றன.

பூசை முடிந்து ஃபாதர் வீட்டுக்கு வந்தார். கீழே பத்து நிமிடம் நின்று பார்த்து, செல்போனில் படமும் எடுத்துக்கொண்டார். மாடிக்கு வந்து என்னுடையதைப் பார்த்தவர், “இதுக்கு உடம்பு சரியில்லியா, அக்னஸ்?” என்றார். சிரித்து வைத்தேன்.

நான் நான்கு வருடமாக வளர்க்கிறேன். ஜூலியட் என் கொழுந்தனார் ஆல்பினின் மனைவி. அவள் தொட்டி வைத்துப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. அவள் வீட்டில் உள்ளங்கை அகலம் பரவியிருக்கிற பொத்தான் பவளம்கூட நான் வெட்டிக் கொடுத்த துண்டு.

அக்டோபர் 9 – புதன்

அவள் எதையும் அளப்பதில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவளுடைய அப்பா அருளப்பனுக்கு வேதாரண்யத்தில் படகு. கரையை விட்டுத் தள்ளிப்போய்க் கேன்களில் கடல் தண்ணீர் மொண்டு, தஞ்சாவூர் வரும் மீன் வண்டியில் ஏற்றிவிடுகிறார். மாதம் இரண்டு முறை. அவள் அப்படியே ஊற்றுகிறாள். நான் வடிகட்டிய தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கரைத்து, சொட்டுச் சொட்டாகச் சோதனை மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

யாருக்காக?

அக்டோபர் 20 – ஞாயிறு

என் வீட்டுக்காரர் இன்றும் தேநீர்க் குவளையோடு கீழே போய்விட்டார். அரைமணி நேரம். திரும்பி வந்து சொல்கிறார்: “நீ தினமும் எதையாவது ஊத்திட்டே இருக்கியாம். அதுங்களுக்குப் பழக நேரம் வேணும்னு ஜூலி சொல்லுது.”

ஜூலி சொல்லுதாம். ஆஸ்பத்திரி லேப்ல பதினாறு வருஷமா ரத்தம் பாக்குறவ நான். எனக்குப் பாடம்.

என் தொட்டியின் காரத்தன்மையை ஒரே நாளில் 9.5க்கு ஏற்றினேன். கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

அக்டோபர் 22

காளான் பவளங்கள் இரண்டு பாறையிலிருந்து கழன்றுவிட்டன.

நவம்பர் 13 – புதன்

ஒரு வாரமாக மழை. சம்பா வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறதாம். படகு போகவில்லை. ஆனாலும் மகள் கேட்டாள் என்று அருளப்பன் கரையோரத்திலேயே ஆறு கேன் மொண்டு அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் ஜூலியட் ஒரு தம்ளரில் கொஞ்சம் தண்ணீரோடு மாடி ஏறி வந்தாள். இப்படிக் கேட்டு வருவது முதன்முறை. “அக்கா, மழையில எடுத்த தண்ணி. ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன், பயமா இருக்கு.”

உப்பு பார்க்கும் கருவியில் இரண்டு சொட்டு விட்டுக் கண்ணருகே வைத்தேன். 35இல் நிற்க வேண்டிய கோடு 24இல் நின்றது. ஆற்று வெள்ளம் கடலில் கலந்த தண்ணீர்.

“சரியாத்தான் இருக்கு” என்றேன்.

எழுதவே கை கூசுகிறது. அவள் ‘தேங்க்ஸ்க்கா’ என்று சொல்லிவிட்டுப் போனாள். இறங்குகிற சத்தம் முழுவதும் கேட்டது. கூப்பிட்டிருக்கலாம். பதினைந்து படி.

நவம்பர் 14

ஆறு கேனும் ஊற்றிவிட்டாளாம். தொட்டியில் பாதிக்கு மேல் அந்தத் தண்ணீர்தான். லேப்பில் இன்று ஒரு நோயாளியின் சோடியம் குறைவாக வந்தது. நம்பாமல் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த அக்னஸ் நேற்று எங்கே போனாள்?

நவம்பர் 16 – சனி

இறால்கள் செத்துவிட்டன. தோல் பவளம் சரிந்துவிட்டது. பொத்தான் பவளம் கூழாகிக் கரைகிறது. நான் கொடுத்தது.

பார்க்கப் போனேன். சந்தோஷமாக இருக்கும் என்றுதானே நினைத்தேன்? ஒரு நொடி இருந்தது. பொய் எழுத மாட்டேன். ஒரு நொடி இருந்தது.

அதற்குள் அவள் போனில் அப்பாவைத் திட்டத் தொடங்கினாள். “அக்கா தண்ணியப் பாத்து சரின்னுதான் சொன்னாங்க. உங்க கேன்லதான் டீசல் கீசல் இருந்திருக்கு. கழுவாம அனுப்பிட்டீங்க. இனிமே ஒண்ணும் அனுப்ப வேணாம்.” அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்ல முயன்றார். இவள் வைத்துவிட்டாள்.

மழையில் நனைந்து மொண்டு அனுப்பிய மனுஷன்.

நவம்பர் 17 – ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எல்லோரும் கிளம்புமுன் கீழே இறங்கினேன். செத்ததை வலையால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஜூலி, அன்னைக்கு உப்பு இருபத்துநாலுதான் இருந்துச்சு. பாத்தேன்.”

அவள் வலையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். “தெரிஞ்சுதான் சரின்னு சொன்னீங்களா?”

“ஆமா.”

“எதுக்கு?”

படி இறங்கும்போதே வேறு பதில்கள் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்: “உன்னுது நல்லா இருந்துச்சு. அதான்.”

அவள் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினாள். “எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். முழுவதும். அவர், “பொண்ணு அழுவுறாளாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

உப்பை ஒரே நாளில் ஏற்றக் கூடாது, நாளுக்கு ஒரு புள்ளி போதும் என்று தாளில் எழுதி, என் உப்பு வாளியோடு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தபோது வாளி இல்லை.

இவரிடமும் சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் எழுந்து போனார்.

டிசம்பர் 8

மூன்று வாரமாக என் தொட்டியில் எதையும் அளக்கவில்லை. மனம் வரவில்லை. ஆவியாகிற அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் நிரப்பினேன். இன்று தோல் பவளம் முழுக்க விரிந்திருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 25

பலகாரத் தட்டை ஆல்பின் கொண்டுவந்து கொடுத்தார். “அவளுக்கு வேலை, அண்ணி” என்றார். பதிலுக்கு ஒரு பவளத் துண்டு கொடுத்து அனுப்பினேன். அரைமணியில் திருப்பி எடுத்துவந்தார், பாவம், அதே டப்பாவில்.

பிப்ரவரி 9, 2025 – ஞாயிறு

நேற்று ஜூலியட் வாசலில் வந்து நின்றாள். “அப்பா உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு. காலையில ஆறு மணிக்குக் கார்.” அக்கா என்று சொல்லவில்லை.

வழிநெடுக அறுவடை இயந்திரங்கள். ஆல்பின் மட்டும் பேசிக்கொண்டு வந்தார். அவருடைய செல்போனில் அவளுடைய தொட்டியைக் காட்டினார்: கரைந்ததில் தப்பிய பொத்தான் பவளத்தைச் சுற்றிப் புதிதாக ஒன்பது மொட்டு. எண்ணினேன். என்னுடையதில் ஆறு. மறுபடி அதே பழைய எரிச்சல். போகவே போகாது போலிருக்கிறது.

வேதாரண்யம் கரையில் அருளப்பன் படகிலிருந்து கேன்களை இறக்கினார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். ‘வாம்மா’ என்றதோடு சரி. ஒரு கேனின் மறுபக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். சேர்ந்து தூக்கினோம்.

ஜூலியட் சொந்தமாக உப்பு பார்க்கும் கருவி வாங்கியிருக்கிறாள். சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்து நெடுநேரம் கண்ணை வைத்திருந்தாள். என்ன இருந்தது என்று சொல்லவில்லை. துடைக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினாள்.

பார்த்தேன். “முப்பத்துமூணு” என்றேன்.

“எனக்கும் அதான்” என்று கேனை மூடினாள்.