கால் தேடும் பெடல்

ஏனுங்க,

நாகப்பட்டினம் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். சாப்பாடு பரவாயில்லை.

அன்றைக்கு டைப்பிங் தேர்வில் ஒன்று நடந்தது, உங்களிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரை அசையாமல் நின்றதும் என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மேற்பார்வைக்கு வந்த ஒரு அம்மா, "காலுக்கு என்னம்மா?" என்றார். பனியன் கம்பெனி டெய்லர் என்று சொல்லக் கூச்சப்பட்டு, "மரத்துப்போச்சுங்க" என்றேன்.

இங்கேயும் அப்படித்தான். கம்ப்யூட்டர் மெதுவானால் கால் தையல் மெஷின் பெடலைத் தேடுகிறது. பக்கத்தில் திரும்பினால் கூடத் தைத்த நீங்கள் இல்லை, பீரோ இருக்கிறது.

"கவர்மென்ட் வேலை வந்திருக்குது, ரோசனை பண்ணாமப் போ கண்ணு" என்று நீங்கள்தான் பஸ் ஏற்றிவிட்டீர்கள். வந்துவிட்டேன்.

பதில் எழுதுங்கள். என் மெஷினில் இப்போது யார் உட்கார்ந்து தைக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதாதீர்கள்.

உங்கள்
பக்கத்து மெஷின்காரி