மழை விழட்டும் என்றவளுக்கு

காலையில் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தைத் தேடினேன். கையில் வந்தது உன் கம்பி. இரண்டு முழ நீளம், நுனியில் துரு, அங்குலத்துக்கு ஒரு கோடாக நீ பூசிய சிவப்பு நெயில் பாலிஷ். கோவில்பட்டியில் மூன்று நாளாக மழை. மாடியில் தேங்கிய தண்ணீரைத் தள்ளத்தான் துடைப்பம் வேண்டியிருந்தது. தண்ணீர் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கம்பியோடு ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன், பசுவந்தனைப் பக்கம், நம் காட்டுக்கு. நம் காடு என்கிறேன், அந்தக் கரிசல் நிலத்தின் பட்டா என்னவோ அதில் ஆடு மேய்க்கும் அண்ணாச்சி பேரில்தான் இருக்கிறது.

உன்னிடம் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. நான் பிஎச்.டி.யை விடுகிறேன். இன்று முடிவெடுத்தேன். சந்தோஷத்தில் எழுத்து கோணல் கோணலாகப் போகிறது.

முதல் தடவை நான் விட நினைத்தது உனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே சாரிடம் நாம் இருவரும் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். கோடையில் கரிசல் மண் எப்படி வெடிக்கிறது, ஒவ்வொரு வெடிப்பும் வாரத்துக்கு வாரம் எவ்வளவு ஆழம் போகிறது என்று அளப்பது நம் வேலை. அண்ணாச்சி காட்டில் இருபது வெடிப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டோம். ஏழு வாரம் மொட்டை வெயிலில் கம்பியை விட்டு அளந்தோம். எட்டாவது வாரம் போனால் குச்சிகள் நிற்கின்றன, வெடிப்புகளைக் காணோம்.

அண்ணாச்சி மண்வெட்டியோடு வந்தார். முகமெல்லாம் பெருமை.

“ஆடு மேயுத இடம்லா, கால் மாட்டிக்கிடும்னு குச்சி நட்டு அடையாளம் காட்டியிருக்கீங்க. பொம்பளப் பிள்ளைக எப்படி மண்ணள்ளிப் போடும்னு நானே பூராத்தையும் மூடிட்டேன். ரெண்டு நாள் வேலை தாயி.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ வாயைப் பொத்திக்கொண்டு உடைமரத்துக்குப் பின்னால் ஓடினாய். அழத்தான் போகிறாய் என்று பின்னாலேயே வந்தால், சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்திருக்கிறாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவருக்கு நன்றி வேறு சொன்னாய். “ரொம்ப உபகாரம் அண்ணாச்சி. இந்த வருசம் ஒரு ஆட்டுக்கும் கால் ஒடியாது.”

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் உன்மேல் எரிந்து விழுந்தேன். நாளைக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். நீ கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே சொன்னாய்.

“ஏட்டி, சித்திரையில எவனாச்சும் காட்ட விப்பானா? வெடிச்சுக் கெடக்கையில பாத்தா எல்லாக் காட்டையும் விக்கணும்னுதான் தோணும். மழை விழட்டும். அப்பயும் போகணும்னு இருந்தா நானே உன் பெட்டியத் தூக்கிட்டு வந்து பஸ் ஏத்துதேன்.”

விளாத்திகுளத்தில் உங்கள் வீட்டு வழக்கமே அதுதானாம். நிலத்தை விற்பது, குத்தகைக்கு விடுவது, வெளியூருக்குப் பிழைக்கப் போவது எதுவானாலும் கோடையில் பேச்செடுக்கக் கூடாது, மழை கண்ட பிறகுதான் பேச வேண்டும் என்பதில் உன் அப்பா கறாராம். எனக்கு அது சுத்தக் கிறுக்குத்தனமாகப் பட்டது. ஆனாலும் காத்திருந்தேன். ஐப்பசியில் மழை விழுந்தது. முழங்கால்வரை சேற்றோடு நின்று ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்தபோது, விட்டுவிட்டுப் போக நினைத்ததே எனக்கு மறந்துபோனது. நனைந்த மண்ணில் கம்பி இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். அவ்வளவுதான் கருவி. அன்று பாதி முழம்கூட இறங்கவில்லை. நீ பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்து, முழ அளவில் கம்பியைச் சுற்றி ஒரு வளையம் போட்டாய். இது வரைக்கும் ஒரு நாள் இறங்கினால் அண்ணாச்சி முன்னாலேயே ஆடுவேன் என்றாய்.

அடுத்த கோடையில் நீயும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாய். கேட்டால், “மழை விழட்டும், சொல்லுதேன்.” ஆவணியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாளில் போய்விட்டாய். அந்த வருடம் நல்ல மழை, எனக்கு அந்த மழைமேல் கோபம் கோபமாக வந்தது. கம்பியைக் கதவுக்குப் பின்னால் போட்டவள் இரண்டு வருடம் அதைத் தொடவே இல்லை.

அதன் பிறகு என் ஆராய்ச்சி கணினிக்குள் போய்விட்டது. களவேலை போதும், செயற்கைக்கோள் படங்களை வைத்து முடித்துவிடலாம் என்றார் சார். நல்ல மனிதர்தான். ஒவ்வொரு வருடமும் “இன்னும் ஒரு வருஷம்தாம்மா” என்பார். மண்ணைப் படிக்க வந்தவள் செருப்பில் மண் ஒட்டாமல் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமைதோறும் மட்டும் உங்கள் விளாத்திகுளம் போவேன். அங்கே ஒரு உழவர் குழுவுக்கு மண் பார்த்துச் சொல்வது, எப்போது விதைக்கலாம் என்று சொல்வது. போகும்போதே பாட்டுப் பாடிக்கொண்டு போவேன், அதைக் கவனிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது. பங்குனியில் அவர்கள், முழு நேரமாக வந்துவிடுங்கள் என்றார்கள்.

வந்துவிடுகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கோடை! மழை விழட்டும், சொல்கிறேன் என்றேன். அவர்கள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. “சரிம்மா, மழை கழிச்சே சொல்லுங்க” என்று எழுந்து போய்விட்டார்கள்.

அந்த ஆறு மாதமும் எனக்கு ஒரே பயம்தான். போன தடவை மாதிரி மழை வந்ததும் மனசு மாறிவிட்டால்? மறுபடி அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டுமா? இந்த மூன்று நாளும் கண் விழித்ததும் என்னையே கேட்டுப் பார்த்தேன். மாறவில்லை. இன்று காட்டுக்குப் போகும் வழியிலேயே மூன்று போன், உளுந்து போடலாமா, ஈரம் பத்துமா என்று. வரப்பில் ஏறியதும் நான்காவது போனை நானே போட்டேன், சாருக்கு.

“நல்லா யோசிச்சியாம்மா?” என்றார்.

“கோடையிலயும் யோசிச்சேன் சார், மழையிலயும் யோசிச்சேன்.”

“சரி, வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போ” என்றார். விட்டாலும் விடுவேன் என்று அம்மாவிடம் நேற்றே சொல்லியிருந்தேன். “ஊர்ல கேட்டா என்னட்டி சொல்ல?” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டவள், காலையில் நான் கிளம்பும்போது குடையை எடுத்துக் கொடுத்தாள்.

கம்பியை ஊன்றினேன். இறங்கியது. அரை முழம். அழுத்தினேன், இன்னும் இறங்கியது. வளையம் மண்ணுக்குள் போய் மறைந்தது! நான் ஆடினேனடி. சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, வெறுங்காலோடு, தங்குதங்கென்று.

“ஏ தாயி, என்ன செய்யுத?” அண்ணாச்சி வரப்பில் நின்றார்.

“இது அந்தப் பிள்ளை ஆட வேண்டிய ஆட்டம், அண்ணாச்சி.”

அவருக்குப் புரிந்தது. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு மரத்துக்குப் பின்னால அது சிரிச்சத நான் பாத்தேன்லா. மூடுனது தப்புன்னு அப்பவே வெளங்கிட்டு. அதுலேருந்து ஒரு வெடிப்பையும் தொடுததில்ல, கோடைக்கு ஆட்ட ஓடைப் பக்கம் ஓட்டிருதேன். அதான் பாரு, மழைத்தண்ணி பூரா வெடிப்பு வழியா உள்ள போயிருக்கு.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ சிரித்ததை அண்ணாச்சி பார்த்திருக்கிறார் என்று உன்னிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அந்தக் கோடையில் நீ எதை யோசித்தாய் என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

திங்கட்கிழமை விளாத்திகுளத்தில் வேலைக்குச் சேர்கிறேன். பெட்டியைத் தூக்கி பஸ் ஏற்றுகிறேன் என்றாயே, பெட்டியை நானே தூக்கிக்கொள்கிறேன். கம்பி என்னோடு வருகிறது. வளையத்தில் ஒட்டிய மண்ணை நான் கழுவவில்லை.