யாருக்கும் கொடுக்காத நாற்காலி

மனிசாலெஸ்,
மார்ச் 4, 2018

அன்புள்ள ரோசல்பா அக்காவுக்கு,

என் போனை எடுப்பதில்லை என்று நீ முடிவு செய்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. ஆனால் கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது. பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள் நீ. அதனால் நம் ஊருக்கு வண்டி ஓட்டும் கில்தார்தோ அண்ணனின் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உன் முழங்காலுக்குத் தைலம். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் தைலத்தைத் தடவிக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நானும் வில்மரும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க மனு கொடுத்திருக்கிறோம். வில்மர் ரோப் காரில் மெக்கானிக் வேலை பார்க்கிறான். நீ இன்னும் முகம் பார்க்காத, நான் கல்யாணம் செய்துகொண்ட வில்மர்.

குழந்தையின் பெயர் மர்யோரி. ஏழு வயது. குறைமாதத்தில் பிறந்தவள், பார்வை கிடையாது, வெளிச்சம்கூடத் தெரியாது. போன வருடம் ஒரு தம்பதி கூட்டிக்கொண்டு போய், சில மாதம் வைத்திருந்து, "எங்களால முடியல" என்று காப்பகத்திலேயே திருப்பி விட்டுவிட்டார்கள். அளவு சேராத செருப்பைக் கடையில் திருப்பிக் கொடுப்பதுபோல. அதன் பிறகு அவளை யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டோம். எங்களைத்தான் இப்போது ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். இரண்டு ஆண்கள், பெண் குழந்தை, அதுவும் இப்படிப்பட்ட குழந்தை, உங்களுக்கு ஆத்திர அவசரத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று.

வில்மருக்கு யாரும் இல்லை. எனக்கு நீ ஒருத்திதான். செனைதா என்று ஒரு அதிகாரியம்மா உன் வீட்டுக்கு வருவார். எங்களை மெச்சிப் பேசு என்று கேட்கவில்லை. அம்மா போன பிறகு நீ என்னை எப்படி வளர்த்தாய் என்று சொன்னால் போதும்.

உன் தம்பி,
ஒக்தாவியோ


அரன்சாசு,
ஏப்ரல் 15, 2018

ஒக்தாவியோ,

பதில் வாங்காமல் வண்டியைக் கிளப்ப மாட்டேன் என்று கில்தார்தோ வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறான். தெருவே எட்டிப் பார்க்கிறது. அதனால் எழுதுகிறேன், பாசத்தில் இல்லை.

தைலம் நாறுகிறது. வலி கொஞ்சம் குறைந்தது.

உன் செனைதா வந்தாள். குதிகால் செருப்போடு எங்கள் தெரு ஏற்றத்தில் ஏறி மூச்சு வாங்கினாள். சாக்லேட் காய்ச்சி, நம் வழக்கப்படி அதில் பாலாடைக்கட்டி போட்டுக் கொடுத்தேன். இரண்டு கோப்பை குடித்தாள். பிறகு, "உங்க தம்பியப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றாள். "எனக்குத் தம்பின்னு யாரும் இல்ல" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டு போனாள். வேறு யார் வாயாலாவது உனக்குத் தெரிய வேண்டாம் என்று நானே சொல்கிறேன்.

கோபம் வருகிறதா, வரட்டும். அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பத்தொன்பது. பேன் பார்த்து, மூக்கைத் துடைத்து, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். அப்படிப்பட்ட எனக்கு உன் கல்யாணச் செய்தி மருந்துக்கடை வரிசையில் கிடைத்தது. அந்த ஒலிவா, "என்ன ரோசல்பா, ரெண்டு பேர்ல யாரு மாப்பிள்ளை, யாரு பொண்ணு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். நீ செய்தது பாவமா இல்லையா என்பதைப் பாதிரியார் பார்த்துக்கொள்ளட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்தாய். என்னால் அதைத்தான் விழுங்க முடியவில்லை.

இப்போது கண் தெரியாத பிள்ளை வேறு. நீ பகலெல்லாம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாய், அவன் கம்பியில் தொங்குகிறான். அது தடுக்கி விழுந்தால் யார் தூக்குவது? யோசித்தீர்களா, இல்லை நாய்க்குட்டி வாங்குகிற மாதிரி ஆசைப்பட்டீர்களா?

ஜீப்பில் இடம் சும்மா போகிறதே என்று கொஞ்சம் வெல்லம் வைத்திருக்கிறேன்.

ரோசல்பா


மனிசாலெஸ்,
ஜூலை 22, 2018

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று சாப்பிட முடியவில்லை. வில்மர் வாசித்துவிட்டு, "உங்க அக்கா பொய் சொல்லத் தெரியாதவங்க போல" என்றான். "இதுதான் அவ சொன்ன முதல் பொய்" என்றேன். 

கல்யாணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ வரமாட்டாய் என்று பயந்தேன். சொல்லாததால் வராமல் போனாய் என்றால் பரவாயில்லை, சொல்லியும் வராமல் போனால் தாங்க மாட்டேன் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான்.

உன் ஒரு வாக்கியம் எங்கள் மனுவை இரண்டு மாதம் பின்னால் தள்ளியது. இருந்தாலும் செனைதா அம்மா விடவில்லை. இப்போது மர்யோரி சனி, ஞாயிறுகளில் எங்களிடம் வந்துபோகிறாள். கடைசி முடிவு டிசம்பரில் குழு கூடும்போது.

யோசித்தீர்களா என்று கேட்டாயே. அவள் முதல் நாள் வந்தபோது, சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்தாள். ஃபிரிஜ்ஜுக்குக் "குறட்டைத் தாத்தா" என்று பெயர் வைத்தாள். மூன்றாவது வாரத்தில், தட்டித் தட்டி நடக்கிற தன் கம்பை வாசலிலேயே சாத்திவிட்டு, கதவிலிருந்து கூடத்தின் நடுவே நேராக ஃபிரிஜ்ஜுக்கு நடந்து போய்ப் பாலை எடுத்துவிட்டாள்.  வில்மர் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தான், தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்து.

ஆனால் அவளிடம் சட்டம் கடுமை. எங்கள் சாப்பாட்டு மேசையில் நான்கு நாற்காலி. ஜன்னல் பக்கம் வில்மருக்கு, அடுப்புப் பக்கம் எனக்கு, சுவர்ப் பக்கம் அவளுக்கு. மாற்றி உட்கார்ந்தால் தொலைந்தோம். "ஆளு இருக்கற எடத்துலதான் இருக்கணும். இல்லேன்னா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" என்பாள். நான்காவதைத் தட்டிப் பார்த்து, "இது யாரோடது?" என்றாள். "இன்னும் யாருக்கும் கொடுக்கல" என்றேன். "சரி, அப்ப யாரும் உக்காராதீங்க" என்று சொல்லிவிட்டாள். செனைதா அம்மா வந்தால்கூட நின்றுகொண்டுதான் எழுதுகிறார்.

வெல்லம் நன்றாக இருந்தது. மர்யோரி கட்டியை நக்கியே பாதியைத் தீர்த்துவிட்டாள்.

அன்புடன்,
ஒக்தாவியோ


அரன்சாசு,
நவம்பர் 25, 2018

தம்பி ஒக்தாவியோ,

வெல்லத்தை நக்கவிட்டால் பல் என்னத்துக்கு ஆகும்? இனி உடைத்துப் பாலில் போட்டுக் கொடு. உனக்கும் அப்படித்தான் கொடுத்தேன்.

நான்கு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை என்று நினைக்காதே. எழுதி எழுதிக் கிழித்தேன். எழுதக் கை வந்தால் கோபம் வருவதில்லை, கோபம் வந்தால் கை வருவதில்லை.

இந்தத் தடவை ஜீப்பில் பெரிய பெட்டி வருகிறது, கில்தார்தோவிடம் பதமாக இறக்கச் சொல். அம்மாவின் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். எல்லாம் இருக்கிறது. ஒட்டகத்தைவிடப் பெரிய கோழியும் இருக்கிறது, நீ சின்ன வயதில் கடித்த இடையனும் இருக்கிறான். குடிலில் பரப்ப மலையிலிருந்து பாசியும் எடுத்து வைத்திருக்கிறேன், காயாமல் தண்ணீர் தெளி.

சொல்வதைக் கேள். அந்தச் செனைதா என் வீட்டுக்கு வந்தபோது அவள் கண் முதலில் போனது சுவரில் இருந்த சிலுவைக்குத்தான். நான் கவனித்தேன். குழு கூடுவதற்கு முன்னால் அவள் கடைசியாக உங்கள் வீட்டைப் பார்க்க வருவாள் இல்லையா? அதற்கு முன்னால் குடிலை வைத்துவிடு. மூலையில் ஒளித்து வைக்காதே. கூடத்தின் நடுவில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, பெரிதாக வை. மேசை போதாவிட்டால் இரண்டைச் சேர்த்துப் போடு. இது தெய்வ பயம் உள்ள வீடு, குடும்பம் என்று ஒன்று பின்னால் இருக்கிற வீடு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். ஊர்வாய் எப்படி அடங்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைக்குப் பாசியைத் தொட்டுப் பார்க்கக் கொடு. பிடிக்கும்.

அக்கா,
ரோசல்பா


மனிசாலெஸ்,
டிசம்பர் 10, 2018

அக்கா,

நீ சொன்னபடியே செய்தோம். இரண்டு மேசையைச் சேர்த்துக் கூடத்தின் நடுவில் போட்டோம். சோபாவைச் சுவரோடு தள்ளினோம். வில்மர் விளக்குகூட வைத்தான். வெள்ளிக்கிழமை, மெழுகுவர்த்தித் திருநாள் இரவில், வாசலில் மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, உள்ளே திரும்பிப் பார்த்து, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று இரண்டு பேரும் பெருமைப்பட்டோம்.

சனிக்கிழமை காலையில் செனைதா அம்மா மர்யோரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இந்தப் பெண் கம்பை அவர் கையில் கொடுத்து, "எங்க வீட்டுல எனக்கு இது வேணாம். நான் உங்களுக்குப் பால் எடுத்துட்டு வர்றேன் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நடக்கவில்லை அக்கா, ஓடினாள். அதுவரை அவள் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் மேசை விளிம்பு நெற்றியில் பட்டுவிட்டது.

தையல் போட்டிருக்கிறது. கண் புருவத்துக்கு மேலே. ரத்தம் பாசியெல்லாம். அம்மாவின் பொம்மைகளில் பாதி உடைந்துவிட்டது, அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை.

அவள் அழவில்லை. வில்மர் தூக்கியபோது அவன் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைத் தேடித் தடவினாள். பிறகு, "இது எந்த வீடு? என்னை வேற வீட்டுக்கு மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

 அவளை ஒரு தரம் அப்படி மாற்றியிருக்கிறார்கள். "இதே வீடுதான்டா" என்று வில்மர் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவள் நம்பவில்லை. கையை நீட்டிக் குறட்டைத் தாத்தாவின் சத்தம் எங்கே வருகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

பார்வை உள்ளவர்களுக்காக வீட்டை ஜோடித்தோம். அவள் ஒருத்திக்காகத்தான் அந்த வீடு, அவள் ஒருத்தியை மறந்துவிட்டோம். குழந்தைக்குப் பாதுகாப்பில்லாத வீடு என்று செனைதா அம்மா எழுதிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் கண் முன்னால் நடந்தது. வருகைகளை நிறுத்திவிட்டார்கள். குழு ஜனவரிக்குத் தள்ளிப் போய்விட்டது. அதுவரை அவளைப் பார்க்கக் கூடாது.

உன் மேல் பழி போடவில்லை. வைத்த கை எங்களுடையது. ஆனால் ஊர்வாயை அடக்கப் போய் எங்கள் பிள்ளையை அடித்துவிட்டோம். உனக்குத் தம்பி இல்லை என்றாய், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். இனி எதுவும் அனுப்பாதே.

ஒக்தாவியோ


அரன்சாசு,
ஜனவரி 20, 2019

தம்பி ஒக்தாவியோ,

அனுப்பாதே என்று சொன்னாய், அதனால் கில்தார்தோவிடம் எதையும் கொடுத்தனுப்பவில்லை. நானே அவன் ஜீப்பில் ஏறி மனிசாலெஸுக்கு வந்துவிட்டுப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதை உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். பிறந்ததிலிருந்து இருக்கிற வீடு. அடுப்பில் இடித்துக்கொண்டேன், நாய்த் தட்டை மிதித்தேன், கடைசியில் சமையலறைக்கு நடுவில் நின்று கத்தினேன். ஒலிவா ஓடி வந்து பார்த்துவிட்டு, ரோசல்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சொல்லட்டும்.

தத்தெடுப்பு அலுவலகத்தில் காத்திருந்தபோது என் பக்கத்தில் ஒருவன் எழுந்து, "உக்காருங்கம்மா, முழங்கால் வலிக்குது போல" என்று இடம் கொடுத்தான். காப்பியும் வாங்கி வந்து கொடுத்தான். கையெல்லாம் கிரீஸ் கறை. எதற்கு வந்தாய் என்றேன். "எம்பொண்ணை எப்பப் பாக்க விடுவீங்கன்னு கேக்க வந்தேன். வாரா வாரம் வந்து கேப்பேன்" என்றான். உள்ளேயிருந்து "வில்மர்" என்று கூப்பிட்டார்கள். நான் யார் என்று சொல்லவில்லை. காப்பியைக் குடித்தேன். சர்க்கரை அதிகம், அவனிடம் சொல்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். செனைதாவும் குழுவைச் சேர்ந்த இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். "பொம்மையை அனுப்பினவ நான், நடுவுல வைக்கச் சொன்னவ நான். அதுங்க ரெண்டும் நான் சொன்னதைக் கேட்டதைத் தவிர வேற தப்புப் பண்ணல. எழுதறதா இருந்தா என் பேர்ல எழுதுங்க" என்றேன். கண்ணாடி போட்ட ஒருவர், "உங்க தம்பி கல்யாணத்தைப் பத்தி என்ன நெனக்கறீங்க?" என்றார். "இன்னும் முழுங்க முடியல. பொய் சொல்ல வரல" என்றேன். அவர் பழைய தாளைப் புரட்டினார். "ஏப்ரல்ல, எனக்குத் தம்பியே இல்லன்னு சொல்லியிருக்கீங்களே. அப்ப அந்தக் குழந்தைக்கு நீங்க யாரு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது தம்பி. மருந்துக்கடை வரிசையில்கூட அவ்வளவு வெட்கப்படவில்லை. "அதை அடிச்சிடுங்க" என்றேன். எழுதினதை அடிக்க முடியாதாம். வேண்டுமானால் கீழே எழுதிக்கொள்ளலாமாம்.

"அப்ப கீழே எழுதுங்க. அத்தைன்னு எழுதுங்க" என்றேன்.

எழுதினார்கள். கையெழுத்தும் போட்டேன்.

உடனே ஒன்றும் நடந்துவிடாது. முடிவு பிப்ரவரி கடைசியில்தானாம். கண்ணாடிக்காரருக்கு உங்கள் மேல் இன்னும் சந்தேகம்தான், என் மேலும்தான். எதுவும் எப்படியும் போகலாம் என்று செனைதா வாசல் வரை வந்து சொன்னாள். ஆனால் செனைதா கூட இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் குழந்தையைக் கூட்டி வரலாம் என்று விட்டிருக்கிறார்கள். முதல் வருகை வரும் சனிக்கிழமை. நீங்கள் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். சோபா, மேசை, செருப்பு வைக்கிற பலகை, எல்லாம். ஒரு விரல்கூட விலகக் கூடாது.

சனிக்கிழமை நானும் வருகிறேன். கையில் எதுவும் கொண்டுவர மாட்டேன். அந்த நாலாவது நாற்காலியை எனக்கு எடுத்து வைத்துவிடாதே. அது மர்யோரி கொடுக்க வேண்டியது. நான் வாசலில் நிற்கிறேன். எங்கே உட்கார வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல். எந்த இடத்தைக் காட்டுகிறாளோ, ஒவ்வொரு தடவை வரும்போதும் அங்கேயே இருப்பேன்.

உன் அக்கா,
ரோசல்பா