கூனிக்குறுகி நின்ற இருவர்

மச்சாள்,

இன்று உன் முப்பதாம் நாள் பூசை. விடிந்ததும் மாமி உன் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு நீ போடும் வெள்ளைச் சட்டையை என் கையில் தந்தார். "இனி ஆருக்கு? நீ போட்டுக்கொண்டு வா, பிள்ளை" என்றார். பூச்சி உருண்டை மணம் மூக்கில் ஏறியது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உன்மேல் அடித்த மணம். அதன்மேல்கூட எனக்குப் பொறாமை இருந்தது. என்மேல் எப்போதும் கருவாடுதான் மணக்கும்.

ஐந்தாம் வகுப்பு வரை நாம் ஒரே வாங்கில் இருந்தோம். வாசிப்பில் நான்தான் முதல், அது உனக்கும் தெரியும். அம்மா காய்ச்சலில் படுத்ததும் தம்பிமாரும் கருவாடு காயும் பாயும் என் பொறுப்பாயின. உன்னை மாமா சிலாபத்தில் மடத்தில் சேர்த்தார். எங்கள் ஊர் எத்தாளையில் பெண்கள் கடிதம் வாசிக்க என்னிடம்தான் வருவார்கள். கூட்டம் சேர்ந்தால் எனக்குக் குரல் எழும்பாது, ஆனாலும் வருவார்கள். நீ விடுமுறைக்கு வந்துவிட்டால் என் வாசலை ஒருவரும் மிதிப்பதில்லை.

போன நத்தார்ப் பண்டிகைக்கு நீ வந்திருந்தபோது லூசியாக்கா, ராசா தலை முத்திரை ஒட்டிய கடிதத்தோடு உன்னிடம் வந்தாள். மாமிக்குக் கருவாடு கொண்டுவந்த நான், கூட்டத்தைக் கண்டு கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். அவளுடைய புருஷன் கொழும்புத் துறைமுகத்தில் வேலை. கங்காணி எல்லாருக்கும் முன்னால் ஏசியதில் கூனிக்குறுகிப் போனேன் என்று யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். முதுகை முறித்துவிட்டார்களோ என்று லூசியாக்கா அழத் தொடங்கினாள்.

நீ சிரிக்காமல் விளங்கப்படுத்தினாய். கூனுவது முதுகு வளைவது, குறுகுவது ஆள் சின்னதாகிப் போவது. வெட்கம் தாங்க முடியாதபோது உடம்பு தன்னைத்தானே ஒளிக்கப் பார்க்கும், அதைக் கண்ட யாரோதான் அந்தச் சொல்லைக் கட்டியிருக்க வேண்டும் என்றாய். எனக்கும் தெரிந்த சொல்தான். என்னால் அப்படிச் சொல்ல முடியாதே என்று வயிறு எரிந்தது. அப்போதுதான் நீ என்னைக் கண்டாய்.

"அங்க பாருங்கோ லூசியாக்கா, கதவுக்குப் பின்னால எங்கட மச்சாள். கூனிக்குறுகிறது எண்டா அதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த லூசியாக்காவும் சிரித்தாள். கருவாட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ மடத்துக்குத் திரும்பும் நாளில் எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றாய். கிடுகு ஓலை இடுக்கால் பார்த்தேன். நீ கூப்பிடவில்லை. தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கி, கால்விரலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றாய். அன்று நீ சொன்ன சொல் அப்படியே உன்மேல் இருந்தது. நான் வெளியே வந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். நிற்கட்டும் என்று பாயில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எட்டிப் பார்த்தபோது நீ இல்லை.

சிலாபத்தில் உனக்குக் கடுங்காய்ச்சல் என்று செய்தி வந்தபோது, இனிக் கடிதங்கள் என்னிடம் வரும் என்று ஒரு நினைப்பு ஓடியது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதை இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இன்று பூசை முடிந்து வெளியே வந்ததும் லூசியாக்கா புதுக் கடிதம் ஒன்றை நீட்டினாள். "அவள் எண்டா எல்லாருக்கும் கேக்க வாசிப்பாள்" என்றாள். செத்த பிறகும் நீதான் முதல். பெண்கள் சுற்றி நின்றார்கள். வழக்கம்போல என் முதுகு வளைந்தது. உன் சட்டை விடவில்லை. நீ என்னைவிட ஒல்லி. குனிந்தால் முதுகுத் தையல் இழுத்துப் பிடித்தது. கிழிந்தால் மாமி தாங்கமாட்டார். நிமிர்ந்து நின்று, கடைசி வரி வரை, எல்லாருக்கும் கேட்க வாசித்தேன்.

சட்டையைக் கழுவிக் கொடியில் போட்டிருக்கிறேன், கருவாட்டுப் பாய்க்கு எட்டத்தில். மாமி திருப்பிக் கேட்டால் கொடுக்க எனக்கு மனம் வராது. இதுவும் பொறாமைதான், மச்சாள்.