அம்மா விடாத பத்தியம்

யேசு மரி சூசை துணை

கல்குடா,
12.8.1934

அன்பு மகன் ஹெக்டருக்கு அப்பா எழுதுவது, சிங்கப்பூரில் நீ மாதாவின் காவலில் சுகமாயிருக்க மன்றாடுகிறேன், நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுத இந்தமுறை கை வருகுதில்லை. அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டதென்று முன்பு எழுதினேன், இன்னும் எழும்பவில்லை மகன். சித்தாண்டி ஊர்ப் பரிசாரியார் நாட்டு மருந்தெண்ணெய் தந்து மீன், பால், புளி, உப்பு எல்லாம் விலக்கிப் பத்தியம் சொன்னார். அந்த மனிசனில் பிழை சொல்லமாட்டேன், பக்கத்து வளவு யோசேப்பு இதே வாதத்தில் விழுந்து இதே பத்தியத்தில்தான் எழும்பினான், இப்ப வலை இழுக்கிறான். ஆனால் அவனுக்கு மாடு மாதிரி உடம்பு. உன் அம்மா வாதம் வருமுன்னமே மெலிந்து, சட்டை தோளில் நில்லாமல், சுவரைப் பிடித்துத்தானே நடந்தாள், வயதுபோனால் அப்படித்தான் என்று எல்லாரும் சும்மா இருந்தோம். இப்ப பத்தியக் கஞ்சியோடு கிடந்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். பட்டணத்திலிருந்து இங்கிலீசு வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா வந்து பார்த்துவிட்டு ஏசினார், யோசேப்புக்குச் சரிவந்தது இவவுக்குச் சரிவருமா, முதலிலேயே சத்தில்லாத ஆளைப் பட்டினியும் போட்டால் எங்கே எழும்புவது, மீனும் பாலும் முட்டையும் கொடுங்கள் என்றார். அக்கா மார்கிறட் உடனே ஓரா மீனில் பால்ச்சொதி வைத்துக் கொண்டுபோனாள், அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பத்தியத்தை முறித்தால் கால் வராதாம். நீ லீவில் வாற நேரம் ரயிலடிக்கு நடந்துவந்து உன்னைக் கூட்டிவரவேணுமாம். ஏசியும் பார்த்தேன், கும்பிட்டும் பார்த்தேன். உன் சொல்லைத் தட்டமாட்டாளே என்று, சாப்பிடச்சொல்லி நீ எழுதினதாக நானே ஒரு கடிதம் வாசித்துக் காட்டினேன். என்ட பிள்ளை இப்படிச் சள்ளென்று விழமாட்டான், இது உங்கட வாய் என்று கோணின வாயால் சிரித்தாள். நான் கிணற்றடியில் போய்நின்று அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அப்போதிக்கரி ஐயா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னதை அக்காவுக்கும் சொல்லவில்லை. அம்மா இனி நடக்கமாட்டாளாம், சாப்பிட்டால் கொஞ்சக்காலம் இருப்பாளாம். ஆகையால் கால் சுகமாகும் என்று மட்டும் எழுதிப்போடாதே, அதை நம்பிப் பட்டினி கிடப்பாள். ரயிலடிக்கு வரவேண்டாம், நான் வீட்டுக்கு வாறன், நீங்க கட்டிலில் இருந்தால் போதும், சாப்பிடுங்க அம்மா என்று எழுது. பெரிய எழுத்தாக எழுது, தன் கண்ணால் வாசிக்கட்டும், நான் வாசித்தால் இனி நம்பமாட்டாள்.

மழையில் நனையாதே, ஞாயிறு பூசையை விடாதே, மாதா உன்னைக் காப்பாளாக. கப்பல் தபால் பிந்திவிடுமோ என்றுதான் பயமாயிருக்கு, இதைக் கண்டவுடனே எழுது. இடக்காலில் பெருவிரல் அசையுது என்று உனக்கு எழுதட்டாம், பக்கத்தில் கிடந்து சொல்கிறாள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அசையவில்லை மகன்.

உன் அப்பா
பஸ்தியாம்பிள்ளை