இடது காலில் கியர்

நேற்று தி. நகரில் வெயில் தாங்காமல், கண்ணில் பட்ட முதல் ஏ.சி. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பைக் ஷோரூம். நடுவில் மேடை போட்டு, உற்சவருக்குப் போடுவது போல விளக்கும் போட்டு, ஒரு சூப்பர்பைக்கை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை. பந்தயத் தடத்தில் ஓட்டிப் பழகியவர்களுக்காகச் செய்த வண்டி, சாலையில் ஓட்டவும் அனுமதி உண்டு என்றது. விற்பனைப் பெண் என் நரையைப் பார்த்த பிறகும் கடமை தவறாமல், "அங்கிள், உங்களுக்கு டிராக் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்று கேட்டாள். "இல்லைம்மா" என்றேன்.

இதே கேள்வியை நீ கேட்டபோது நான் வேறு பதில் சொன்னேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பதில் வராது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு வார இதழில் மோட்டார் பக்கம் எழுதிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். எப்படி எழுதினேன் என்பது தெரியாது. லஸ் முனை நடைபாதையில் பழைய வெளிநாட்டு பைக் பத்திரிகைகள் கிடைக்கும். அவற்றைப் படித்துவிட்டு, வளைவில் முழங்கால் தரையை உரசும் கணத்தில் மனதில் இறங்கும் அமைதியைப் பற்றி, மந்தைவெளியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவேன். என் முழங்கால் அதுவரை உரசியது எங்கள் வீட்டுக் கட்டிலை மட்டும்தான். வாசகர்கள் என்னைப் பழைய ரேஸ்காரன் என்று நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது பொய்யாகாது என்று அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

நீ நிஜமாகவே ஓட்டியவன். சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், நீயே இழைத்துத் தேய்த்த எஞ்சினோடு ஓட்டியவன். பிறகு சிந்தாதிரிப்பேட்டையில் ஒற்றை ஷட்டர் கடையில் ஊராரின் ஸ்கூட்டர்களுக்குக் கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருந்தாய். என் புல்லட்டுக்கும் நீதான் வைத்தியன். என் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிவைப்பாய். "இன்னா வாத்யாரே, கியர் மாத்தறதப் பத்தியே மூணு வாரமா எழுதினுகீற? அர செகண்டு மேட்டரு அது" என்று சிரிப்பாய். கேலிதான். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம், "இவரு டிராக்ல ஓட்னவரு" என்று என்னை அறிமுகம் செய்யும்போது உன் குரலில் கேலி இருக்காது.

அந்த ஜப்பான் வண்டி உன் கடைக்கு வந்த நாளில் தெருவே வந்து பார்த்தது. அடையாறில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒருவர் கப்பலில் வரவழைத்தது. பந்தய வண்டிதான்; சட்டத்துக்காக ஒரு ஹாரனும் இரண்டு கண்ணாடியும் வைத்திருந்தார்கள். முந்நூறு கிலோமீட்டர் வரை மீட்டர் இருந்தது, ஹாரன் மட்டும் மாம்பலத்தில் ஒரு மாட்டைக்கூட நகர்த்தாது. வாங்கியவருக்கு அதை ஓட்டப் பயம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அப்போது புதிய டிராக் வந்திருந்தது. அடுத்த மாதப் பந்தயத்தில் அவர் வண்டியை நீ ஓட்டுவது என்று முடிவானது. உனக்கு முப்பத்தெட்டு வயது. "இத்த வுட்டா நமக்கு வேற சான்ஸ் கெடையாது வாத்யாரே" என்றாய். அன்றுதான் நீ சிரிக்காமல் பேசி நான் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்கு வண்டியைக் கொண்டுவந்திருந்தாய். ஏழு மணிக்கு உரிமையாளர் வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே நான் போய் நின்றுகொண்டேன். ஒரு சுற்று போய்வருகிறேன் என்று கேட்டது நான்தான். நீ தயங்கினாய்.

"மெய்யாலுமே டிராக்ல பெரிய வண்டி ஓட்டிகீறியா வாத்யாரே?"

"பெங்களூர் பக்கம். ரொம்ப நாள் ஆச்சு."

"சரி. எடது கால் கியரு, வலது கால் பிரேக்கு. உன் புல்லட்ட மறந்துடு."

"எனக்கே சொல்றியா?"

என் புல்லட்டில் இது தலைகீழ். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பதினோரு வருடமாக என் இடது காலுக்கு வேறு எதுவும் கற்பிக்கப்படவில்லை.

நூறு கெஜம் கௌரவமாகத்தான் போனேன். கையில் பால் பாக்கெட்டோடு ஒரு மாமி சாலையைக் கடந்தாள். இடது காலை ஓங்கி மிதித்தேன். வண்டி நிற்கவில்லை, கியர் இறங்கி ஓர் உறுமல் உறுமியது. இன்னும் ஓங்கி மிதித்தேன். பிறகு வலது கையால் முன் பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்தேன். புல்லட்டின் முன் பிரேக் கோரிக்கை மனு மாதிரி. எவ்வளவு அழுத்தினாலும் பரிசீலனையில்தான் இருக்கும். இது உடனே நிறைவேற்றியது. சாலையில் கடற்கரை மணல் வேறு. மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. "கட்டால போறவனே" என்றாள், நியாயமாக. முந்நூறு வரை ஓடக்கூடிய அந்த முள் நாற்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

நீ ஓடிவந்து முதலில் என்னைத் தூக்கினாய். வண்டியின் பக்கவாட்டு உறை பிளந்து, டேங்க் நசுங்கிக் கிடந்தது. அதை நீ பார்த்தது அதற்குப் பிறகுதான். நான் வாயைத் திறப்பதற்குள் உரிமையாளரின் கார் வந்து நின்றது.

"நான்தான் சார் போட்டுட்டேன். மண்ணு வழுக்கிச்சு" என்றாய்.

அவர் கிழிந்த என் பேன்ட்டைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் என் பழைய கொள்கையாவது பிழைத்திருக்கும். "பின்னாடி உட்கார்ந்திருந்தேன்" என்றேன். அந்த வண்டியின் பின் இருக்கையில் ஒரு பூனை உட்காரலாம். ஆனால் பத்திரிகைக்காரன் சொன்னால் நம்பிவிடும் அளவுக்கு அவர் கண்ணியமானவர். சாவியை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பந்தயத்துக்கு வேறு வண்டியை ஏற்பாடு செய்து, ஓட்டுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவழைத்தார். உன்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

ஏனடா அப்படிச் சொன்னாய் என்று அன்றே கேட்டேன். "உனக்குப் பேரு போச்சுன்னா அப்பால இன்னா எழுதுவ? நமக்கு இன்னா, பேரா கீது?" என்றாய். உனக்கு இருந்த ஒரே பேர் அதுதான் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

இதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் சாதாரணக் கோழை. இரண்டு வாரம் கழித்துப் பக்கம் நிரப்ப விஷயம் கிடைக்கவில்லை. பெரிய வண்டியைக் கீழே போட்ட ஒரு மெக்கானிக்கைப் பற்றி நகைச்சுவையாக எழுதினேன். பெயர் போடவில்லை, சிந்தாதிரிப்பேட்டையில் போட வேண்டிய தேவையும் இல்லை. வாசகர் கடிதங்கள் குவிந்தன. அதற்கு முன்பும் பின்பும் நான் எழுதிய எதற்கும் அவ்வளவு பேர் சிரித்ததில்லை.

அடுத்த முறை புல்லட்டை விட வந்தபோது நீ இதழைக் கையில் வைத்திருந்தாய். "சூப்பரா கீது வாத்யாரே. அந்த மாமி திட்ற எடம் செம தமாஷு" என்றாய். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாய்.

"ஒரே ஒரு தப்பு கீது. அந்த மெக்கானிக்கு எடது கால்ல பிரேக்கு தேடுனான்னு எழுதிகீற. நான் புல்லட் ஓட்டறவன் இல்லியே. வெவரம் தெரிஞ்சவன் படிச்சா உன்னப் புடிச்சுடுவான். அடுத்த தபா பாத்து எழுது."

யாரும் பிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் படித்த ஒரு பக்கத்தில் என் பாதம் அப்பட்டமாகப் பதிந்திருந்தது. அதைக் கவனித்தவன் நீ ஒருவன். எனக்காகக் கவலைப்படவும் செய்தாய். அன்று உன் முகத்தில் கோபம் தேடினேன். கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

கூவம் கரை வீடுகளைக் காலி செய்து உங்களை ஊருக்கு வெளியே அனுப்பிய பிறகு நான் உன்னைப் பார்த்தது இரண்டே முறை. மூன்றாவது முறை வந்தபோது நீ படத்தில் இருந்தாய். பத்தாம் நாள். எட்டாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. உன் மனைவி எனக்கு நாற்காலி போட்டு, கூடியிருந்த அக்கம்பக்கத்துப் பெண்களிடம், "இவருதான் எங்க வூட்டுக்காரர பேப்பர்ல போட்டவரு. அந்தப் பெரிய வண்டியக் கீய போட்டாரே, அந்தக் கத. பேரப் பசங்களுக்குக்கூட அதான் சொல்லுவாரு" என்றாள். நீ அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அதை அவன் போடலைம்மா. நான்தான் போட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பத்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். "இன்னா சார் நீங்க, சாவு வூட்லயும் தமாஷு. அவரு சொல்லுவாரு, வாத்யாரு மூஞ்சி சிரிக்காமயே கலாய்ப்பாருன்னு." மற்றவர்களும் சிரித்தார்கள். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நான் டீயைக் குடித்தேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.